ஊத்து வளைவு

நில்லுங்க தம்பி. கயித்தைத் தாண்டாதீங்க. சைக்கிளை அந்தச் செவுத்துல சாத்திட்டு உள்ள வாங்க. நனைஞ்ச கோழி மாதிரி நடு ரோட்ல நிக்கறீங்களே! பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்குன்னு இந்த நிழற்குடையைக் கட்டி வெச்சிருக்காங்க, பஸ் வருதோ இல்லையோ மழைக்காவது ஆகும். அந்தப் பக்கம் உக்காராதீங்க, ஒழுகும். இப்படி வாங்க.

சைக்கிள் போட்டிக்கு வந்தீங்களா? கோயம்புத்தூரா? பத்து மணிக்கு ஆரம்பம்னு யார் சொன்னா, பல் டாக்டரா? சொல்லுவாரு. அவர் சொல்லிட்டா ஆச்சா? பாதை மூடியிருக்கு. கண்ணால பாக்கறீங்கல்ல, இந்த சீகை மரத்துக்கும் அந்த சீகை மரத்துக்கும் நடுவுல கயிறு. சிவப்புத் துணி வேற தொங்குது. கட்டினது நான். அவுக்க வேண்டியதும் நான். அந்த சட்டத்தை டாக்டரும்தான் ஒத்துக்கிட்டாரு, எல்லாருந்தான் ஒத்துக்கிட்டாங்க. இப்ப வந்து அக்கா அக்கான்னா?

இருங்க, கையில என்ன கட்டு? இந்தக் கையோட போட்டியா? ஓ, சைக்கிள் சிநேகிதனோடதா, நீங்க பாக்கத்தான் வந்தீங்களா. விழுந்தீங்களா? எங்க? கேரளா பக்கமா. மழையிலயா? பாதையில தண்ணி நின்னுச்சு, அடியில குழி இருந்தது தெரியல, முன் சக்கரம் இறங்கிருச்சு. ம். அந்தப் பாதை யார் வெட்டினது? தெரியாது. கான் இருந்துச்சா? அதுவும் தெரியாது. கான்னா என்னன்னே தெரியாதா? நல்லா இருக்குது போங்க. தண்ணி வடியறதுக்குக் குறுக்கால வெட்டி விடற சின்ன வாய்க்கால்ங்க. டீ எஸ்டேட்ல கான் இல்லேன்னா ஒரே மழையில மண்ணெல்லாம் ஆத்துக்குப் போயிரும். உங்களுக்கெல்லாம் வந்தமா, ஓட்டினமா, போட்டோ எடுத்தமா, கிளம்பினமா. வழியை யார் போட்டா, யார் பாத்துக்கறாங்கன்னு கேக்கறதே இல்ல.

கேளுங்க, மழை விடப் போறதில்ல. என் பேர் பிரிசில்லா. அதோ ரோட்டோரம் நிக்குது பாருங்க, எல் போர்டு போட்ட வெள்ளைக் கார், அது என்னுது. டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். கோத்தகிரியில இன்னைக்கு வண்டி ஓட்டறவங்கள்ல பாதிப் பேரு என்கிட்ட கத்துக்கிட்டவங்க. டாக்டர் போஜ்ராஜ் உட்பட. ஊர்ப்பட்ட பல்லைப் பிடுங்குவாரு, கிளட்சை மட்டும் விடத் தெரியாது. அந்தக் கார்ல என் காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. ஓட்டறவன் என்ன பண்ணாலும் பண்ணட்டும், என் கால் அது மேலயேதான் இருக்கும். அதனாலதான் இத்தனை வருஷத்துல என் வண்டிக்கு ஒரு கீறல் இல்ல.

சைக்கிளா? எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க. சிரிக்காதீங்க. அதுக்கென்ன? கல்யாண மண்டபத்துல சமைக்கறவங்க எல்லாம் மாப்பிள்ளையா?

இந்த எஸ்டேட் மூடிப் போய் ரொம்ப நாளாச்சு. முதலாளி நல்ல மனுஷன். 'காட்டுப் பக்கம் போகாம, மரத்தை வெட்டாம என்ன வேணா பண்ணிக்கோங்க'ன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டாரு. டாக்டரும் இன்னும் சில பேரும் சேர்ந்து, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து, இங்கருந்து கீழ சர்ச் வரைக்கும் சைக்கிள் இறங்கறதுக்குப் பாதை வெட்டினாங்க. யாருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாம் அவங்கவங்க ஆசைக்கு. என் மகளும் அதுல ஒருத்தி. அனிட்டா. பேர் கேள்விப்பட்டிருப்பீங்களே? ஆ, பாத்தீங்களா! அவதான். வேகமா இறங்கறதுல இந்த மலையில அவளை மிஞ்ச ஆள் இல்லைன்னு சொல்றாங்க. நான் பாத்ததில்ல. அவ இறங்கும்போது நான் பாக்க மாட்டேன். ஏதாவது கான்ல குனிஞ்சு வேலை இருக்கும் எனக்கு.

நான் எப்படி வந்தேன்னா, அவளுக்கு சாப்பாடு கொண்டாந்தேன். அவ்வளவுதான். வந்து பாத்தா, தண்ணி நிக்கற குழியில இந்தப் படிச்ச பிள்ளைங்க மண்ணைக் கொண்டாந்து கொட்டிட்டிருக்காங்க. எல்லாரும் முதல்ல பண்ற தப்பு அதுதாங்க. பள்ளம்னா மூடணும்னு தோணும். மூடினா அடுத்த மழைக்கு அது கூழாகும். தண்ணியை அடைக்கக் கூடாது, வழி விடணும். எனக்கு மட்டும் பிறக்கும்போதே தெரியுமா என்ன? நானும் கொட்டினேன், நானும் சேத்துல விழுந்தேன், அப்புறம்தான் புரிஞ்சது. புரிஞ்சதுக்கப்புறம் விடலை.

மழை பெய்யும்போதுதான் கான் போட இடம் பாக்கணும். வெயில்ல பாத்தா எல்லா மண்ணும் ஒண்ணு போலதான் இருக்கும். டீக்கடையில கொட்டற டீத்தூள் சக்கையை ஒரு பையில வாங்கிட்டு வந்துருவேன். பாதையில ஓடற தண்ணியில ஒரு கை அள்ளிப் போட்டா அது எங்க போகுது, எங்க சுத்துது, எங்க தேங்குதுன்னு கருப்பா தெரிஞ்சிரும். தேங்கற இடத்துல ஒரு கான். டாக்டர் முதல்ல கிண்டல் பண்ணாரு, 'அக்கா பாதைக்கு டீ குடுக்கறாங்க'ன்னு. அப்புறம் அவரே ஒரு பையோட வந்தாரு.

இப்ப சட்டத்துக்கு வரேன். ஈர மண்ல சைக்கிள் ஓட்டினா சக்கரம் கீறிக்கிட்டே போகும். அந்தக் கோட்டுல தண்ணி இறங்கும், கோடு ஓடையாயிரும். ஒரு நாள் நீங்க சந்தோஷமா இறங்கிட்டுப் போயிருவீங்க, அதை நேர் பண்ண எங்களுக்கு மாசக்கணக்குல ஆகும். அதனால மழைக்காலத்துல காலையில ஒருத்தர் மேலருந்து கீழ வரைக்கும் நடந்து, வளைவுக்கு வளைவு குதிகாலை ஊனிப் பாக்கணும். எங்கயாவது ஒரு இடத்துல குதிகால் இறங்கினா, பாதை மூடல். பாக்கற வேலை எனக்குன்னு ஆச்சு. 'அக்கா ஊனினா தார் ரோடே இறங்கும்'னு ஒருத்தன் சொன்னான். அடுத்த ஞாயிறு அவனைத்தான் கல் சுமக்க விட்டேன்.

முடிச்சுன்னா என் முடிச்சுதான். ஒண்ணு மேல ஒண்ணா மூணு போடுவேன். ஈரத்துல கயிறு ஊறிச்சுன்னா எவனாலயும் அவுக்க முடியாது. டாக்டர் ஒரு தடவை பல்லு நோண்டற கம்பியெல்லாம் எடுத்துட்டு வந்து பாத்தாரு. முடியலை. நான்தான் வந்து அவுத்துவிட்டேன்.

போன வருஷமும் இதே ஐப்பசி. இதே போட்டி. வெளியூர்லருந்தெல்லாம் வந்துட்டாங்க, சர்ச் ஹால்ல இட்லி வெந்துட்டிருக்கு. விடிய விடிய மழை. நான் நடந்தேன், ஊனினேன், இறங்குச்சு. ஒரு இடத்துல இல்ல, பல இடத்துல. கயித்தைக் கட்டிட்டேன். டாக்டர் வந்து, 'அக்கா, இத்தனை பேர் வந்திருக்காங்க, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க, அப்புறம் எல்லாரும் சேர்ந்து சரி பண்ணிடலாம்'னாரு. நான் முடியாதுன்னேன். வெட்டிடுவோம்னாரு. வெட்டுங்கன்னேன். வெட்டினாங்க. நான் குடையை எடுத்துக்கிட்டு நேரா முதல் வளைவுக்குப் போய் நட்டநடுப் பாதையில உக்காந்துட்டேன். இறங்குங்கடா பாக்கலாம்னேன்.

மேல வரிசையா நிக்கறாங்க. முதல் ஆள் அனிட்டா. ஹெல்மெட்டுக்குள்ள அவ கண்ணு மட்டும் தெரியுது. என்னையே பாத்துட்டு நின்னா. அப்புறம் சைக்கிளைத் தூக்கி ஜீப்ல போட்டுட்டுப் போயிட்டா. போட்டி நின்னு போச்சு. நான்தான் ஜெயிச்சேன்.

ஜெயிச்சேனா இல்லையா சொல்லுங்க! மண்ணைக் காப்பாத்தினேனா இல்லையா? அன்னைக்கு சாயங்காலமே என்னை வாட்ஸப் குரூப்லருந்து தூக்கிட்டாங்க. தூக்கட்டுமே. கான் வெட்டறது போன்லயா வெட்டறோம்? ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் வரலை. நான் வந்தேன். இந்த வருஷம் தென்மேற்கு மழை முழுக்க நான் ஒரு ஆளு. டிரைவிங் கத்துக்க வர்றவங்களை இந்த ரோட்லயே ஓட்ட விட்டு, அவங்களைத் திருப்பி வீட்ல விட்டுட்டு, மம்பட்டியை எடுத்துட்டு வந்துருவேன். பயம் ஒண்ணும் இல்லைங்க. காட்டெருமை வரும், ரோட்டோரம் நின்னு பாக்கும், போயிரும். மனுஷங்களை விடப் பரவாயில்ல.

அனிட்டாவா? பேசுவா. பேசாம எல்லாம் இல்ல. 'சாப்டியாம்மா', 'மாத்திரை போட்டியா', அந்த அளவுக்குப் பேச்சு. அவளுக்குச் சின்ன வயசுலருந்தே என் மேல ஒரு இது. ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி சொல்லிக்குடுத்தவ வீட்ல பிறந்துட்டு, ஊட்டிக்குப் போய் வேற ஸ்கூல்ல லைசென்ஸ் எடுத்துட்டு வந்தா. எப்படி இருக்கும் எனக்கு? ஏண்டின்னு கேட்டா, 'உன் வண்டியில நான் ஓட்டறேனா நீ ஓட்டறியான்னே தெரியலம்மா'ங்கறா. கொழுப்பு.

எங்க டிரைவிங் ஸ்கூலே அவங்கப்பா ஆரம்பிச்சது. அவர் இருந்தா இப்படியெல்லாம் பேசுவாளா? அவர் ஸ்கூட்டர்ல போனது இந்த மாதிரி ஒரு மழையிலதான். மேட்டுப்பாளையம் ரோட்ல, வளைவுல வழுக்கிருச்சு. அவளுக்கு அப்ப ஸ்கூல் ஷூ லேசு கட்டிக்கக்கூடத் தெரியாது. அது வேற விஷயம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் மண்ணைப் பத்திதான் பேசிட்டிருக்கேன்.

என்ன பாக்கறீங்க? மண்ணைப் பத்திதாங்க.

சரி, இந்த வருஷத்துக் கதையைக் கேளுங்க. ரெண்டு வாரம் முன்னாடி டாக்டர் ஸ்கூலுக்கே வந்தாரு. கையில ஒரு பொட்டலம் வர்க்கி, டீக்குத் தொட்டுக்கற மொறுமொறு வர்க்கி. ஆஹா, சமாதானத்துக்கு வந்திருக்காருன்னு நினைச்சேன். 'அக்கா, நேத்து நல்ல மழையில பாதையை நடந்து பாத்தேன். குதிகால் ஊனிக்கிட்டே போனேன். எங்கயும் இறங்கலை. தண்ணி நிக்கவே இல்ல. நீங்க போட்ட கான்தான் எல்லாம். இனி மழையிலயும் ஓட்டலாம். இந்த வருஷம் போட்டியை அறிவிச்சுட்டோம்'ங்கறாரு!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் மழை மழையா நனைஞ்சு, இடுப்பு ஒடிஞ்சு, கான் வெட்டினது இவங்க மழையில ஓட்டறதுக்கா? மண்ணுக்காக வெட்டினேன். 'எங்கயும் இறங்கலையா, ஊத்து வளைவுல பாத்தீங்களா டாக்டர்'னேன். அவர் முகம் போன போக்கைப் பாக்கணுமே! அந்த இடத்துல மட்டும் இறங்கினதைச் சொல்லாம விட்டிருக்காரு. 'அங்க கொஞ்சம் இறங்குது அக்கா'ன்னாரு. 'கொஞ்சமோ நிறையவோ, ஒரு இடத்துல இறங்கினா மூடல். நீங்க ஒத்துக்கிட்ட சட்டம்'னேன். வர்க்கியை வெச்சுட்டுப் போயிட்டாரு. நல்ல வர்க்கி.

ஊத்து வளைவு பாதியில இருக்கு. மேல பாறையிலருந்து ஒரு சின்ன ஊத்து கசியும். அந்தத் தண்ணி வளைவுக்கு உள்பக்கமா வந்து தேங்கி நிக்கும். அங்கதான் எல்லாரும் வேகமா திரும்பற இடம்.

ஏன் கான் போடலைன்னா கேக்கறீங்க? போடணும். போடலாம்னுதான் இருந்தேன். நேரம் வேணாமா? வேற இடமெல்லாம் முதல்ல முடிக்கணும்ல. ஒரு ஆளு எத்தனைதான் செய்வா?

போன வாரம் அனிட்டா வந்தா. 'அம்மா, நானும் வரேன், நடந்து பாக்கலாம்'னா. வந்தா. ஒரு குடைதான், ரெண்டு பேரும் நனைஞ்சோம். வளைவுக்கு வளைவு அவளும் ஊனறா, நானும் ஊனறேன். ஒவ்வொரு கானையும் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு வந்தா. கல்லு அடுக்கியிருக்கற இடத்துல கையை வெச்சுத் தடவிப் பாத்தா. 'எவ்வளவு வேலை பண்ணியிருக்கியேம்மா'ன்னா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஊத்து வளைவு வந்துச்சு. அவ குதிகால் சரக்குன்னு இறங்குச்சு. அவ காலை எடுக்கலை. அப்படியே நின்னுட்டு என்னைப் பாத்து, 'இந்த மலை முழுக்கக் கான் போடத் தெரிஞ்ச உனக்கு இந்த ஒரு இடம் தெரியலையாம்மா?'ங்கறா.

நேரம் இல்லைன்னேன்.

'அரை மணி நேர வேலை'ன்னா. 'வேணும்னே விட்டு வெச்சிருக்கே'ன்னா. 'அப்பா போனது தார் ரோட்லம்மா. இந்த மண்ல இல்ல'ன்னா.

அவங்கப்பாவை எதுக்கு இழுக்கணும்? நான் மண்ணைப் பத்திப் பேசினா அவ அப்பாவைப் பத்திப் பேசறா. கத்திட்டேன். அவ கத்தலை. அதுதான் கஷ்டம், கத்தினா நானும் ரெண்டு வார்த்தை சேர்த்துக் கத்தலாம். அமைதியா சொல்றா, 'நான் கயித்தை வெட்ட மாட்டேன். குனிஞ்சு அடியில பூந்தும் போக மாட்டேன். நீ அவுத்தா இறங்கறேன். இல்லேன்னா கேரளாவுல ஒரு டீம்ல கூப்பிட்டிருக்காங்க, அங்க போயிடறேன். அங்க வருஷத்துல பாதி நாள் மழைதான். மழையில ஓட்டத்தான் கூப்பிடறாங்க'ன்னா. போடின்னேன். போன்னா போயிருவாளா என்ன?

போயிருவா. என் பொண்ணு இல்லையா.

தம்பி, நீங்க விழுந்தீங்களே, அது கேரளாவுல எந்தப் பக்கம்? அதுதானா. அந்த டீமே அங்கதாங்க இருக்கு. அந்தப் பக்கமேதான் சொன்னா. ஒரு கான்கூட இல்லைன்னா சொல்றீங்க? நீங்க கவனிக்கலைன்னு சொன்னீங்களே, இப்ப யோசிச்சுப் பாருங்க. தண்ணி பாதையிலயேதான் ஓடுச்சா? வளைவுல? யாரும் முன்னாடி நடந்து பாக்கறதில்லையா? கயிறு கட்டறதில்லையா? எலும்பு முறிவா, சும்மா சிராய்ப்பா? முறிவு. ம்.

எவன் போட்டான், எவன் பாத்தான்னு தெரியாத பாதையில...

மணி என்ன? ஒன்பது ஆகலையா இன்னும்? எந்திரிங்க. எந்திரிங்கன்னா! கட்டு இல்லாத கை நல்லாதானே இருக்கு? அது போதும். என் கார் டிக்கியில இன்னொரு மம்பட்டி இருக்கு, எடுத்துட்டு வாங்க. சின்னதுதான், ஒத்தைக் கையில பிடிக்கலாம். டீத்தூள் பை முன் சீட்ல இருக்கு, அதையும் கொண்டாங்க. ஊத்து வளைவு வரைக்கும் நடக்கணும், கால்ல ஷூ நல்லாப் பிடிக்குதுல்ல?

அவங்க சொன்னாங்கன்னு இல்ல. டாக்டர்கிட்டயும் போய் அக்கா மனசு மாறிட்டாங்க, அது இதுன்னு சொல்லக் கூடாது, ஆமா. எனக்குப் பாதையில தண்ணி நின்னாப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம். நேரம் கிடைச்சிருக்கு, ஆள் கிடைச்சிருக்கு, போடறேன். ஊத்துத் தண்ணியை மேலயே பிடிச்சு, பாறைக்குப் பின்பக்கமா திருப்பி விட்டாப் போச்சு. எப்படிப் போடணும்னு எனக்கு எப்பவோ தெரியும். அடியில பரப்பறதுக்குக் கல்லுகூடப் பொறுக்கி அங்கயே பக்கத்துல குவிச்சு வெச்சிருக்கேன், போன மாசமே.

போட்டு முடிச்சதும் குதிகால் நான்தான் ஊனுவேன். இறங்கினா மூடல். அதுல மாத்தமில்ல. என் பொண்ணா இருந்தாலும் மூடல்தான். இறங்கலைன்னா... இறங்கலைன்னா நான் அந்த வளைவுலயே நிப்பேன். உக்கார மாட்டேங்க, ஓரமாதான் நிப்பேன். இந்தத் தடவை எனக்குக் குனிஞ்சு பாக்க வேலை இருக்காதே. நிமிந்து பாத்துட்டுப் போறேன்.

கயிறா? கயிறு இருக்கட்டும். நான் அவுக்க மாட்டேன். அவ வாய்ல வந்ததைப் பேசுவா, நான் போய் அவுத்து விடணுமாக்கும்? அவளே வந்து அவுக்கட்டும். தொடாதீங்க, தொடாதீங்க, லேசா இழுத்தாலே வந்துரும்! இன்னைக்கு மூணு முடிச்சு போடலை. பிள்ளைங்க ஷூவுக்குப் போடற முடிச்சு. ஒரு நுனியைப் பிடிச்சு இழுத்தாப் போதும், அவளுக்குத் தெரியும்.

காலையில கை விரல் எல்லாம் விறைச்சுப் போயிருந்துச்சுங்க, அதான். வேற ஒண்ணும் இல்ல. மம்பட்டியைக் கொண்டாங்க.